கெய்ன்ஸ்வில்: பார்க்க ஒன்றுமில்லாத ஊரா?

ஒரு வாசகரின் கேள்வி, ஏப்ரல் 26

மகளுக்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு. மே முதல் வாரம் கெய்ன்ஸ்வில் போகிறோம், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள். அங்கே ஒன்றுமே இல்லை, விழா முடிந்த கையோடு ஒர்லாண்டோவுக்கு வண்டியை விடுங்கள் என்கிறார்கள். அப்படித்தானா?

ஏப்ரல் 26, இரவு

ஒன்றுமே இல்லை என்று சொன்னவர்கள் ஐ-75 நெடுஞ்சாலையில் பெட்ரோல் போட இறங்கியவர்களாக இருக்கும். மூத்தவள் அங்கே படிப்பதால் அட்லாண்டாவிலிருந்து அடிக்கடி போய் வருகிறோம். ஊர் பெரிதில்லை. நகரத்தைப் பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். தரைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கப் போனால் ஒரு வாரம் போதாது. சுண்ணாம்புப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். மழைத்தண்ணீர் பாறையைக் கரைத்துக் கரைத்து உள்ளே குகையும் குழியுமாக வைத்திருக்கிறது. ஓடை ஓரிடத்தில் தரைக்குள் போகும், வேறோர் இடத்தில் ஊற்றாகக் கொப்பளிக்கும்.

ஒர்லாண்டோ எங்கேயும் போகாது. இரண்டு நாள் இங்கேயே இருங்கள்.

ஏப்ரல் 27

"பெரியவர்களை வைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் எதற்கு, வண்டி மக்கர் பண்ணினால்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பண்ணியது. போன வருஷம், மாமனாரை வைத்துக்கொண்டு. அதையே சொல்கிறேன்.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. மகளின் விடுதி அறையைக் காலி செய்து எல்லாவற்றையும் வண்டியில் திணித்தாயிற்று. குட்டி ஃப்ரிட்ஜ், சுருட்டிய மெத்தை, ரைஸ் குக்கர், புத்தகப் பெட்டிகள், ஒரு மேஜை விளக்கு. வடக்கே கிளம்ப வேண்டியது. மாமா பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "ஏதோ ஏரி காணாமப் போச்சுன்னு பேத்தி சொன்னாளே, அதப் பாத்துட்டுப் போலாமா மாப்பிள்ளை" என்றார். சரி என்று 441ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே திருப்பினேன். பெய்ன்ஸ் பிரெய்ரி புல்வெளிக்கு நடுவே அந்த சாலை நேராகப் போகும்.

பாதி வழியில் டயர் காற்று விளக்கு மஞ்சளாக எரிந்தது. நல்ல வேளை, சாலையோரம் புல்வெளியைப் பார்ப்பதற்கென்று ஒரு மரப்பாலமும் வண்டி நிறுத்த ஓர் இடமும் உண்டு, அதில் ஒதுக்கிவிட்டேன். பின்பக்க வலது டயரில், தரையைத் தொடும் பட்டைக்கு நடுவே ஒரு திருகாணி. தலை மட்டும் வெளியே தெரிந்தது. சாலையில் தேய்ந்து தேய்ந்து வெள்ளிக் காசாகப் பளபளத்தது, ஸ்க்ரூடிரைவர் பிடிக்கும் கீறல் கூட மழுங்கிப் போயிருந்தது. எச்சில் தொட்டு வைத்தால் குமிழி.

ஸ்டெப்னி எடுக்கலாம் என்றால் இப்போது வரும் பல வண்டிகளில் ஸ்டெப்னியே கிடையாது, அதற்குப் பதில் ஒரு சின்னக் காற்றடிக்கும் பம்பும் ஒரு பாட்டில் பஞ்சர் திரவமும். அதுவும் எங்கே? டிக்கியின் அடித்தட்டுக்குக் கீழே. அதாவது ஃப்ரிட்ஜ், மெத்தை, குக்கர் எல்லாவற்றுக்கும் கீழே.

ஒவ்வொன்றாக இறக்கிப் புல்லில் வைத்தோம். மனைவியும் மகளும் மெத்தை மேல் உட்கார்ந்துகொண்டார்கள். வந்து நிறுத்திய ஒரு வண்டிக்காரர் மரியாதையாக இறங்கி வந்து மேஜை விளக்கு என்ன விலை என்று கேட்டார். விற்பனைக்கு இல்லை என்று நான் சொல்வதற்குள் மகள் பத்து டாலர் என்றாள். அவர் யோசித்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார். அவளுக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு.

ஏப்ரல் 27, மாலை

திருகாணியைப் பிடுங்கினீர்களா என்று கேட்டவருக்கு: இல்லை. மாமா கையைப் பிடித்துவிட்டார். "அதுதான் இப்ப அடைப்பு, தொடாதீங்க." சிகரெட் லைட்டர் குழியில் பம்பைச் செருகிக் காற்று மட்டும் அடித்தோம். திரவம் ஊற்றவில்லை. அதை ஊற்றினால் உள்ளே பசையாகப் பரவும், கடைக்காரர் முதலில் அதைத் துடைத்து எடுக்க வேண்டும், காற்றழுத்த சென்சாரும் சில சமயம் கெடும். மெதுவாகக் கசிகிற டயருக்குக் காற்றே போதும். பக்கச் சுவரில் கிழிந்திருந்தால் கதை வேறு, திரவமும் உதவாது, இழுவை வண்டிதான்.

ஞாயிறு என்பதால் ஊரில் விசாரித்த டயர் கடைகள் எல்லாம் பூட்டு. மறுபடி ஓர் இரவு தங்கல். பட்டமளிப்புக் கூட்டம் கிளம்பிவிட்டிருந்ததால் அறை கிடைத்தது. உங்களுக்கு விழாவுக்கு முந்தைய இரவு அப்படிக் கிடைக்காது, இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அதைச் செய்யுங்கள்.

ஏப்ரல் 28

காணாமல் போன ஏரி என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்குப் பிடித்த கதை.

பெய்ன்ஸ் பிரெய்ரி 21,000 ஏக்கருக்கு மேல். 1774இல் வில்லியம் பார்ட்ரம் என்ற தாவரவியலாளர் வந்து பார்த்து 'பெரிய அலச்சுவா சவானா' என்று எழுதிவைத்தார். அந்தப் பரப்பின் தண்ணீரெல்லாம் வடக்கு ஓரத்தில் அலச்சுவா சிங்க் என்ற பள்ளத்தில் இறங்கி நிலத்தடிக்குப் போகிறது. 1870களின் தொடக்கத்தில் அந்தப் பள்ளம் அடைத்துக்கொண்டது. புல்வெளி முழுக்கத் தண்ணீர் நின்று ஏரியானது. சும்மா குட்டை இல்லை, நீராவிப் படகு விட்டுச் சரக்கு ஏற்றினார்கள். இருபது வருஷம் போல் அப்படியே ஓடியது. 1891 வாக்கில் அடைப்பு விலகி, தண்ணீர் வடிந்து, படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டன.

பாலத்தில் நின்று தகவல் பலகையை மகள் வாசித்துச் சொல்லச் சொல்ல மாமாவுக்கு டயர் மறந்துபோனது. "ஏரி மடை அடைச்சா தண்ணி நிக்கும், தொறந்தா வடியும். இதுல என்ன அதிசயம்? மடைய யாரு கட்டுனாங்கிறதுதான் அதிசயம்" என்றார். யாரும் கட்டவில்லை மாமா, பாறை தானாகக் கரைந்தது என்றேன். நம்பவில்லை. அடுத்த நாள் டயர் சரியானதும் லா சுவா நடைபாதை வழியாகப் போய் அலச்சுவா சிங்கையே காட்டினேன். கரையில் முதலைகள் வரிசையாகக் கிடந்தன. அவர் முதலையைப் பார்க்கவில்லை, தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஓர் இலையை மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே வெளியில் காட்டுக்குதிரைகளும் காட்டெருமைகளும் உண்டு. காட்டெருமையை 1975இல் ஓக்லஹோமாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். எங்களுக்குச் சாணம் மட்டும் தரிசனம். மிக்கனோப்பி என்ற சிற்றூர்ப் பக்கத்து நுழைவாயிலில் ஐம்பது அடிக் கோபுரம் ஒன்று இருக்கிறது, அதில் ஏறினால் வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். நீங்கள் மே மாதம் போவதால் சாண்ட்ஹில் கொக்குகளின் பெருங்கூட்டத்தை எதிர்பார்க்காதீர்கள், அது குளிர்காலக் காட்சி.

ஏப்ரல் 28, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, ஒன்று விட்டுப்போனது. அந்த 441 சாலையின் இரு பக்கமும் கான்கிரீட் சுவர் ஓடுகிறது, சுமார் மூன்றரை அடி. காரில் போகும்போது சாதாரணத் தடுப்பு என்றுதான் நினைப்போம். வண்டி நின்றதால் எட்டிப் பார்த்தேன்: சுவரின் மேல் விளிம்பு புல்வெளிப் பக்கமாக ஆறு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பாம்பு ஏறி வந்தால் அந்த விளிம்பில் தலைகீழாகத் தொங்க வேண்டிவரும், விழுந்துவிடும். சாலைக்குக் கீழே குழாய்ப் பாதைகள், அதன் வழியாக முதலை, ஆமை, பாம்பு எல்லாம் கடக்கலாம். 2001இல் முடித்தார்கள். அதற்கு முன் ஓராண்டுக் கணக்கெடுப்பில் அந்தத் துண்டில் அடிபட்டுச் செத்தவை 2,411. பிறகு ஓராண்டில் 158, மரத்தவளைகளைக் கணக்கில் சேர்க்காமல். மரத்தவளைக்கு விரலில் ஒட்டும் பட்டை உண்டு, எந்த விளிம்பையும் ஏறிவிடும். அதற்கு இன்னும் வழி கண்டபாடில்லை.

ஏப்ரல் 29

பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே முதலையா என்று பதறியவருக்கு: ஆமாம், ஆலிஸ் ஏரி. பிள்ளைகள் பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கிறார்கள். தீனி போடக் கூடாது, ஃப்ளோரிடா சட்டப்படி குற்றம். முதலை துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்று ஒரு நண்பர் எழுதியிருப்பது கட்டுக்கதை. நேராக ஓடுங்கள். தரையில் அது நெடுந்தூரம் ஓடாது, நாம் வளைந்து ஓடினால் தடுக்கி விழுவோம், அவ்வளவுதான். நாயும் குழந்தையும் தண்ணீர் ஓரம் போகாமல் பார்த்துக்கொண்டால் ஓடுகிற கதையே வராது.

ஏப்ரல் 30

வௌவால். இதற்குத் தனியாக எழுதியே ஆக வேண்டும், டயர் பஞ்சராகாமல் இருந்தால் நாங்களும் பார்த்திருக்க மாட்டோம்.

ஆலிஸ் ஏரிக்கு எதிரே, மியூசியம் சாலையில், உயரமான தூண்கள் மேல் மரக் கொட்டகைகள் நிற்கும். வௌவாலுக்குக் கட்டிய வீடு. 1987இல் ஜான்சன் ஹால் என்ற கட்டடம் எரிந்துபோக, அங்கே இருந்த வௌவால்கள் விளையாட்டு அரங்கத்துக்கும் டென்னிஸ் அரங்கத்துக்கும் குடிபெயர்ந்தன. நாற்றம் தாங்காமல் 1991இல் பல்கலைக்கழகம் தனி வீடு கட்டிக் கொண்டுபோய் விட்டது. வௌவால்கள் அந்த வீட்டை மதிக்கவில்லை. சில வருஷம் காலியாகவே கிடந்தது. அப்புறம் தாமாக வந்தன. வந்தவை பெருகிப் பெருகி 2009இல் வீடே இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டி, பக்கத்தில் இன்னொன்றும் கட்டினார்கள். இன்று லட்சக்கணக்கில் இருக்கின்றன.

மே தொடக்கத்தில் சூரியன் மறைய எட்டு மணி தாண்டும். மறைந்து கால் மணி நேரம் கழித்துத்தான் ஆட்டம். முதலில் பத்து, இருபது. பிறகு அடிப்பக்கத் திறப்பிலிருந்து கொட்டத் தொடங்கும். மேலேறிப் போகாது, முதலில் கீழே விழுந்து, தரைக்குச் சற்று மேலே இறக்கையைப் பிடித்துக்கொண்டு எழும்பும். சத்தம் என்று பெரிதாக இல்லை, மெல்லிய சலசலப்பும் நெடியும்தான். நெடி அம்மோனியா, மூக்கில் சுள்ளென்று ஏறும். பக்கத்தில் போய் நிற்காதீர்கள், மேலே பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள், தொப்பி நல்லது. மழையிலும் குளிரிலும் வெளியே வர மாட்டா.

மாமா கடைசிவரை நின்றுவிட்டு, "கொசு ஒண்ணு கூட கடிக்கலையே" என்றார். எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

மே 1

மே மாதம் என்றதும் ஒருவர் லவ்பக் பற்றி எச்சரித்தது சரிதான். ஏப்ரல் கடைசியிலும் மேயிலும், பிறகு செப்டம்பரிலும், ஜோடி ஜோடியாகப் பறந்து வந்து கண்ணாடியில் அப்பும் கறுப்புப் பூச்சி. வைப்பர் போடாதீர்கள், இழுவி ஒன்றுமே தெரியாமல் ஆக்கிவிடும். அன்றன்றைக்கே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், வெயிலில் காய்ந்தால் பெயின்டைத் தின்னும்.

ஆனால் அவர் எழுதிய அடுத்த வரி தவறு. கொசுவை ஒழிக்க இந்தப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள்தான் அதை உருவாக்கினார்கள் என்பது ஃப்ளோரிடா முழுக்க ஓடும் வதந்தி. மத்திய அமெரிக்காவிலிருந்து வளைகுடாக் கரையோரமாகத் தானாகப் பரவி வந்த பூச்சி. அது கொசுவைத் தின்னவும் தின்னாது.

மே 1, மாலை

டெவில்ஸ் மில்ஹாப்பருக்குப் பெரியவர்களைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டீர்கள். முதலில் வேண்டாம் என்று எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன். 120 அடி ஆழம், 500 அடி அகலம், பூமி உள்வாங்கிய பள்ளம். பழைய பக்கங்களில் இருநூற்றுச் சொச்சம் படி என்று இருக்கும், அது முந்தைய படிக்கட்டு. 2019இல் புதிதாகக் கட்டியதில் 132தான். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் முட்டி பேசும். எங்கள் மாமா பாதியில் நின்றுகொண்டார். ஆனால் பாதியிலேயே அது புரிந்துவிடும்: சுவரோரமாகச் சின்னச் சின்ன ஓடைகள் சொட்டி இறங்கி, அடியில் போய் அப்படியே தரைக்குள் மறைகின்றன. மேலே வியர்வை ஊற்றுகிற வெயில், கீழே பெரணி முளைத்த ஈரக் குளிர். பழங்காலச் சுறாப் பற்கள் கூட அங்கே கிடைத்திருக்கின்றன, அந்த இடம் ஒரு காலத்தில் கடலடி என்பதால். முட்டி வலிக்காரர்கள் மேலேயே விளிம்பைச் சுற்றி நடக்கலாம்.

எனவே: போகலாம். காலையிலேயே.

மே 2

சின்னச் சின்னதாக:

விலாசத்தில் வடமேற்கா தென்மேற்கா என்று முதலில் பாருங்கள். ஊரை யுனிவர்சிட்டி அவென்யூவும் மெயின் ஸ்ட்ரீட்டும் நாலாக வெட்டுகின்றன, நாலு துண்டிலும் எட்டாவது அவென்யூ உண்டு. 'ஸ்ட்ரீட்' என்றால் தெற்கு வடக்கு, 'அவென்யூ' என்றால் கிழக்கு மேற்கு. டயர் கடையைத் தேடி நாங்கள் காற்றுக் கசிய ஊரைச் சுற்றியது மகள் திசையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அனுப்பியதால்.

சைவச் சாப்பாடு: வகுப்பு நடக்கும் வார நாட்களில் பிளாசா ஆஃப் தி அமெரிக்காஸ் புல்தரையில் ஹரே கிருஷ்ணா இயக்கத்தார் மதியச் சாப்பாடு போடுகிறார்கள், 1970களிலிருந்து. பக்கத்து அலச்சுவாவில் அவர்களுக்குப் பெரிய குடியிருப்பே இருக்கிறது. அம்மாவுக்கு அங்கே சாப்பாட்டுக் கவலை வராது. விழா வாரத்தில் வகுப்பு இருக்காது, அதனால் விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஓக் மரங்களில் தொங்கும் சாம்பல் நிறக் கொத்து பாசியும் இல்லை, ஒட்டுண்ணியும் இல்லை. அன்னாசிக் குடும்பம். மரத்தை உறிஞ்சாது, காற்றிலும் மழையிலும் பிழைக்கிறது.

ஊற்றில் இறங்க ஆசை என்றால் இச்செட்டக்னி. வருஷம் முழுக்க 22 டிகிரி செல்சியஸ். மே வெயிலில் இறங்கினால் முதலில் அலறல், அப்புறம் வெளியே வர மனம் வராது.

மே 3

கேட்டரேட் என்ற விளையாட்டு வீரர்களுக்கான பானம் இந்தப் பல்கலைக்கழகத்தில் பிறந்ததுதானா என்று கேட்டவருக்கு: அங்கே பிறந்ததுதான், சந்தேகம் வேண்டாம். 1965, ராபர்ட் கேட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும், வியர்த்து வாடிய அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்காக. முதல் கலவையை வாயில் வைக்க முடியவில்லையாம், எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொன்னது அவர் மனைவி. டிப்போ பார்க்கில் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் 2018இல் திறந்தார்கள், சிறுவர்களுக்கு நன்றாகப் பொழுது போகும். புல்லில் ஃப்ரிட்ஜோடு உட்கார்ந்திருந்தபோது நாங்களும் அதைத்தான் குடித்தோம். மாமா ஒரு மிடறு விழுங்கிவிட்டு உப்பு, சர்க்கரை, எலுமிச்சை என்று விரல்விட்டு எண்ணினார். "இதுக்கு ஆராய்ச்சியா? எங்க அம்மாவக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாளே." பல்கலைக்கழகத்துக்கு அதிலிருந்து உரிமத்தொகை வருகிறது என்றதும் அமைதியாகிவிட்டார்.

மே 4

டயர் என்ன ஆனது என்று இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள். ஏரியை விட டயருக்குத்தான் வாசகர் அதிகம். சரி.

திங்கள் காலை கடை திறக்கும்போதே போய் நின்றோம். காற்று பாதி இறங்கியிருந்தது. கடைப் பையன் சோப்புத் தண்ணீர் தெளித்தான், குமிழி வந்த இடத்தை மஞ்சள் சாக்குக்கட்டியால் வட்டமிட்டான், டயரைக் கழற்றினான். திருகாணி ஒன்றரை அங்குலம், அறையில் அலமாரிப் பலகைகளை இணைக்கும் ரகம். விடுதி காலி செய்யும் நாளில் வாசலெல்லாம் உடைந்த அலமாரிகள் கிடந்தன, எங்கிருந்து வந்தது என்பதில் ஆராய்ச்சி தேவையில்லை. உள்பக்கம் சுரண்டி, பசை தடவி, தண்டோடு கூடிய ஒட்டுத்துண்டை உள்ளிருந்து வெளியே இழுத்து, நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டிவிட்டான். கால் அங்குலத்துக்கு உள்பட்ட ஓட்டை, பட்டைப் பகுதி, அதனால் ஒட்டலாம். பட்டையின் ஓர வளைவிலோ பக்கச் சுவரிலோ என்றால் நல்ல கடையில் தொட மாட்டார்கள். சில கடைகளில் இதை இலவசமாகவே செய்கிறார்கள், காசு கொடுப்பதற்கு முன் கேட்டுப் பாருங்கள்.

அந்த ஒட்டு இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறது. பெற்றோர்கள் கவனிக்க: விடுதி காலி செய்யும் வாரத்தில் அந்த வாசல்களில் வண்டியை நிறுத்தாமல் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு நடங்கள்.

மே 5

நிறுத்துவது என்றதும் இது. பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளிலும் கடை வாசல்களிலும் அந்நிய வண்டியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் இழுத்துப் போய்விடுவார்கள். பலகையைப் படிக்காமல் நிறுத்தாதீர்கள். கொக்கி மாட்டிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டால் ஃப்ளோரிடா சட்டப்படி வண்டியை இறக்கி விட்டுத்தான் ஆக வேண்டும், அறிவித்திருக்கும் கட்டணத்தில் பாதிக்கு மேல் கேட்கவும் கூடாது. சண்டை போடாமல் இதை மட்டும் சொல்லுங்கள், ரசீது வாங்குங்கள்.

நாளைக் காலை கிளம்புகிறீர்கள் என்று பார்த்தேன். இன்று இரவே டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள், ஸ்டெப்னி இருக்கிறதா பம்ப் இருக்கிறதா என்று. பம்ப் என்றால் எடுத்து முன் இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டு, அதற்கப்புறம் பெட்டிகளை ஏற்றுங்கள்.